மக்ரூனில் தொடங்கி பால்கோவாவில் முடியும் மூன்று நாள் பயணம்: தென் மாவட்டங்களுக்கு இனிப்பு தேடிச் செல்லும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூத்துக்குடி, திருநெல்வேலி, கோவில்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நான்கு ஊர்களின் பெயரைச் சொன்னாலே நாவில் நீர் ஊறும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த வட்டத்தைச் சுற்றி வருகிறேன். முதன்முறையாக இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்து, எந்த ஊர் எதற்குப் பக்கம் என்ற கணக்கில் பயணத்தை அமைத்துக்கொள்கிறார்கள். கோயில் பார்க்கச் செல்பவருக்கு அந்தக் கணக்கு போதும். இனிப்புக்காகச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எது எத்தனை நாள் தாங்கும், எது எந்தக் காற்றுக்கு அஞ்சும், எதை எந்த நேரத்தில் அடுப்படியிலேயே நின்று சாப்பிட வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் ஊர்களின் வரிசை தானாகவே அமைந்துவிடும். நன்றாக மூடி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், முட்டை வெள்ளையிலும் முந்திரியிலும் செய்த தூத்துக்குடி மக்ரூனை முதல் நாளிலும், மாலையில் சூடாகக் கிடைக்கும் அல்வாவை இரண்டாம் நாளிலும், விரைவில் சுவை குன்றும் பால்கோவாவை வீடு திரும்பும் நாளிலும் வாங்க வேண்டும் என்பதுதான் அந்த வரிசை.

கிளம்பும் முன்

பருவத்தை முதலில் பாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான மாதங்கள் இந்தப் பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் எப்படித் தவித்தன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். பெருமழை இல்லாத நாட்களிலும் அந்த மாதங்களின் ஈரக்காற்று மக்ரூனுக்குப் பகை. ஆகஸ்ட் 5 அன்று நிறைவடையும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவின்போதும், கிறிஸ்துமஸை ஒட்டிய வாரத்திலும் ஊரில் நல்ல கூட்டம் இருக்கும். கூட்டத்தை விரும்புகிறவர்கள் அப்போது செல்லலாம். ஆனால் பேக்கரியில் நின்று நிதானமாக நாலு வார்த்தை பேச அந்த நாட்களில் யாருக்கும் நேரம் இருக்காது.

சென்னையிலிருந்து செல்பவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் மிகவும் வசதியானது. மாலையில் எழும்பூரில் ஏறினால் காலையில் தூத்துக்குடியில் இறங்கிவிடலாம். திரும்பி வருவதற்கு, செங்கோட்டையிலிருந்து சென்னைக்குச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; இரண்டு சீட்டுகளையும் அதனதன் முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. திரும்பும் சீட்டு கையில் இல்லாமல் பால்கோவா வாங்குவது அந்தப் பால்கோவாவுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பையில் எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாக்கள் மூன்று, சிறிய கரண்டி ஒன்று, பழைய செய்தித்தாள் கொஞ்சம், மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. டப்பாக்களைக் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே கழுவி, வெயிலிலோ மின்விசிறியின் கீழோ வைத்து முழுமையாக உலர்த்திக்கொள்ளுங்கள். மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு துளி ஈரம் என்ன செய்யும் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

முதல் நாள்: தூத்துக்குடி

மக்ரூனை இதுவரை பார்த்திராதவர்களுக்காக அதன் தோற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தன நிறத்துக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறம். அடி அகன்று, மேலே போகப்போகச் சுருங்கி, உச்சியில் சிறு மூக்குப் போல் முடியும் கூம்பு வடிவம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. பிரான்ஸ் நாட்டின் மக்ரோன் பாதாம் மாவில் செய்யப்பட்டு, இரண்டு வட்டங்களுக்கு நடுவே கிரீம் வைத்து ஒட்டப்படுவது. தூத்துக்குடி மக்ரூனில் பாதாமும் இல்லை, கிரீமும் இல்லை. பெயரால் இரண்டும் உறவு. உண்ணும்போது இரண்டும் வேறு வேறு.

அந்தப் பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. தூத்துக்குடி அமைந்திருக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825இல் ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. இவர்களில் யாருடைய அடுப்பிலிருந்து இந்தப் பண்டம் ஊருக்குள் வந்தது என்பதற்கு ஊரிலேயே பல கதைகள் உண்டு. எனக்கு வியப்பாக இருப்பது முந்திரியின் கதை. முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து நம் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள்தான். கடல் கடந்து வந்த பருப்பு, கடல் கடந்து வந்த செய்முறையில் பாதாமின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முடிவில் இந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ரயிலிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைக்கு ஓட வேண்டாம். அறைக்குச் சென்று குளித்து, காலை உணவை அளவோடு முடித்துக்கொண்டு, பத்து மணிக்குமேல் கிளம்புங்கள். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சீனியின் இனிப்பு மட்டும்தான் தெரியும். முந்திரியின் மணம் பின்னால் தங்கிவிடும். ஊரில் பெயர் பெற்ற பேக்கரிகள் பல இருக்கின்றன. தங்கும் விடுதியில் இருப்பவர்களிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்வார்கள். அவரவர் வீட்டுக்கு வழக்கமாக வாங்கும் கடையைத்தான் சொல்கிறார்கள் என்பதால் எல்லாப் பதில்களும் நம்பத் தகுந்தவையே. நீங்கள் செய்ய வேண்டியது, குறைந்தது மூன்று கடைகளில் நூறு நூறு கிராம் மட்டும் வாங்கி, வாங்கிய இடத்திலேயே நின்று ஒவ்வொன்று சாப்பிட்டுப் பார்ப்பது. வீட்டுக்கு வாங்குவதை மாலைக்கு ஒத்திவையுங்கள்.

சாப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். முதல் மக்ரூனை டீயோடு சாப்பிடாதீர்கள். சூடான டீ பட்டதும் அது கரைந்துபோய், கடிப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. உச்சியிலிருந்து பாதி வரை ஒரே கடியாகக் கடியுங்கள். மேல் ஓடு மெல்லிய ஓசையுடன் உடைந்து, உள்ளே இருப்பது நாக்கில் பொடியாகி, அந்தப் பொடி கரையும் நேரத்தில் முந்திரி தன்னைக் காட்டிக்கொள்ளும். நல்ல மக்ரூனில் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மீதிப் பாதியை உள்பக்கம் தெரியும்படி திருப்பிப் பாருங்கள். நுண்ணிய காற்றறைகள் சீராகத் தெரிந்தால் நுரை நன்றாக அடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நடுவில் சற்றே மெல்லும் பதம் இருப்பதைச் சிலர் விரும்புவார்கள், அது குறையாகாது. மேல் ஓடு பழுப்பேறியிருந்தால் தீ கூடிவிட்டது; முட்டை வாடை முன்னால் வந்தால் உலர்த்திய நேரம் போதவில்லை; இனிப்பு மட்டும் நின்று வேறு எந்தச் சுவையும் எழாவிட்டால் முந்திரியின் அளவு குறைந்துவிட்டது.

ஒரு முறை, கூட்டமில்லாத ஒரு முற்பகலில், பேக்கரியின் பின்கட்டுக்குள் நின்று வேலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அதை நான் மறக்க முடியாது. வெள்ளைத் தாள் விரித்த நீண்ட தட்டுகள் வரிசையாக இருந்தன. மாஸ்டர் ஒரு தாள் கூம்பில் கலவையை நிரப்பி, வாயை மடித்து, வலது உள்ளங்கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நுனியைத் தாளில் வைத்து அழுத்தி, மணிக்கட்டை மட்டும் சுழற்றினார். ஒரு சுற்று, அதன் மேல் சிறிய சுற்று, அதன் மேல் இன்னும் சிறியது. பிறகு சட்டென்று மேலே இழுத்தார். கலவை நூல் போல் நீண்டு அறுந்து, உச்சியில் வளைந்து நின்றது. அந்த வளைவு சாயாமல் நின்றதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஒரு தட்டு நிறைய எத்தனை நேரமானது என்று நான் கணக்கிடவில்லை. கை எங்கும் தயங்கவில்லை என்பது மட்டும் நினைவில் நிற்கிறது.

“அண்ணாச்சி, இதில் மைதா சேர்ப்பீர்களா?” என்று கேட்டேன்.

“மைதாவும் கிடையாது, எண்ணெயும் கிடையாது தம்பி. முட்டை வெள்ளை, சீனி, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெ பட்டாக்கூட நுரை எந்திரிக்காது” என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதங்கள் விரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலை போல் படர்கின்றன. சீனி அந்த வலையை உறுதியாக்குகிறது. கொழுப்பு அதைக் குலைத்துவிடுகிறது. மஞ்சள் கரு துளிகூடக் கலக்காமல் முட்டையைப் பிரிப்பதும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான். அரைத்த முந்திரியிலும் எண்ணெய் இருப்பதால், நுரை நன்றாக எழுந்து நின்ற பிறகே அதைச் சேர்த்து, மெதுவாகக் கிளறுகிறார்கள். பிறகு தட்டுகள் தணிந்த சூட்டில் பல மணி நேரம் இருக்கும். விறகு ஓவன் வைத்திருப்பவர்கள், பகல் வேலை முடிந்து தணல் தணியும் நேரத்தில் தட்டுகளை உள்ளே வைத்து, இரவு முழுவதும் அந்த மிச்சச் சூட்டிலேயே விட்டுவிடுவதும் உண்டு. வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்ற சொல்லே இதற்குப் பொருந்தும்.

மக்ரூன் ஈரத்துக்கு அஞ்சுவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. உள்ளே பெரும்பகுதி சீனி. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலர்ந்து நின்ற நுரைக்குள் ஈரம் புகுந்தால் ஓடு பிசுபிசுத்து, நடுப்பகுதி பல்லில் ஒட்டத் தொடங்கிவிடும். நான் கிளம்பும்போது மாஸ்டர் பொட்டலத்தை நீட்டி, “ஈரக் காத்தக் குடிச்சிரும் தம்பி, தொறந்து வைக்காதீங்க” என்று சொன்னது, இந்தப் பண்டத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சாப்பிடப் போகும் நாலைந்தை மட்டும் தனியாக எடுத்துச் செல்லுங்கள். முழுப் பொட்டலத்தையும் கடற்காற்றில் பிரிக்காதீர்கள்.

வீட்டுக்கு வாங்கும்போது அன்றோ முந்தின நாளோ கட்டிய பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள்; கேட்டால் சொல்வார்கள். ஒரு கிலோப் பொட்டலம் ஒன்றைவிடக் கால் கிலோப் பொட்டலங்கள் நான்கு நல்லவை. ஒன்றைப் பிரித்தாலும் மற்ற மூன்று காற்றுப் படாமல் இருக்கும். டப்பாவுக்கு மாற்றுவதாக இருந்தால் இடைவெளியில்லாமல் நிரப்பி, மேலே செய்தித்தாளைக் கசக்கி வைத்து மூடுங்கள். பயணத்தில் குலுங்கினால் உச்சிகள் உடைந்து, டப்பாவின் அடியில் பொடியாகச் சேர்ந்துவிடும். முட்டை சாப்பிடாத உறவினருக்கோ நண்பருக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதில் முட்டை வெள்ளை இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை. பார்த்தால் தெரியாது, சாப்பிட்டாலும் தெரியாது என்பதால் அந்தப் பொறுப்பு கொடுப்பவருக்கு அதிகம். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

இரவு உணவுக்குப் புரோட்டாக் கடை ஒன்றுக்குச் செல்லுங்கள். தூத்துக்குடிக்காரர்கள் அந்தக் கடைகளை ‘நைட் கிளப்’ என்று சொல்வார்கள். புதியவர்கள் திகைக்க வேண்டாம், மாலையில் திறந்து இரவு வரை நடக்கும் உணவுக்கடை என்பதே அங்கே அதன் பொருள். நாள் முழுக்க இனிப்பைச் சுவைத்த நாக்குக்கு மொறுமொறுப்பான புரோட்டாவும் காரமான சால்னாவும் தேவைப்படுகின்றன. மறுநாள் அல்வாவை நன்றாக உணர வேண்டுமென்றால் முதல் நாள் இரவைக் காரத்தில் முடிப்பது நல்லது என்பது என் அனுபவம்.

இரண்டாம் நாள்: திருநெல்வேலி

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி சுமார் 50 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு. மதிய உணவுக்குப் பிறகு கிளம்பினால் போதும். புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி என்று நாம் சொல்வதை அங்குள்ளவர்கள் ஜங்ஷன், டவுன், பாளை என்று பிரித்துச் சொல்வார்கள். ரயில் நிலையம் இருப்பது ஜங்ஷனில். நெல்லையப்பர் கோயிலும் கீழ ரத வீதியில் புகழ்பெற்ற அல்வாக் கடையான இருட்டுக்கடையும் இருப்பது டவுனில். பாளை என்பது பாளையங்கோட்டை. ஆகவே ஆட்டோவில் ஏறும்போது ‘டவுன், கோயில் வாசல்’ என்று சொல்லுங்கள்.

இருட்டுக்கடை மாலை ஐந்து மணியை ஒட்டித் திறக்கும். பண்டம் தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் சற்று முன்னதாகவே போய் நிற்பது நல்லது. நிற்க முடியாதவர்கள் வருத்தப்படத் தேவையில்லை. டவுனிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வாக் கடைகள் வேறும் இருக்கின்றன. கோதுமையை ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து, அதைத் தெளியவிட்டு, மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் நிற்கும் கெட்டிப் பாலைச் சீனியோடும் நெய்யோடும் நெடுநேரம் கிண்டுவதுதான் முறை. அந்த ஆழ்ந்த நிறம் சாயத்தால் வருவதன்று. சீனி பாகாகிக் கருகாமல் சிவப்பதால் வருவது. தாமிரபரணித் தண்ணீரே இந்தச் சுவைக்குக் காரணம் என்று நெல்லைக்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அவர்களிடம் அதைப் பற்றி வாதிட எனக்கு மனம் வந்ததில்லை.

நூறு கிராம் சூடாக வாங்கி, இலையில் வைத்து, அங்கேயே நின்று சாப்பிடுங்கள். கரண்டி வேண்டாம், விரலால் எடுக்கும்போது நெய் வழியும் பதமும், வழுக்கிக்கொண்டு இறங்கும் மென்மையும் தெரியும். சூடு ஆறிய அல்வா கெட்டிப்பட்டு, மெல்லும் சுவைக்கு மாறிவிடும். இரண்டும் நல்லவையே, ஆனால் சூடான அல்வா அந்த வீதியில் மட்டுமே கிடைக்கும், ஆறியதை வீட்டிலும் சாப்பிடலாம். முடித்த பிறகு ஒரு கை மிக்சர் வாங்கி வாயில் போட்டுக்கொள்வது அங்குள்ள வழக்கம். திகட்டலை அது உடனே போக்கிவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவதோ நான்காவதோ முறை சென்றபோது, சூடாகக் கட்டிக் கொடுத்த ஒரு கிலோ அல்வாவை, மக்ரூன் பொட்டலங்கள் இருந்த அதே பைக்குள் அவற்றின் மேலேயே வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் வீட்டில் பிரித்துப் பார்த்தபோது, அல்வாவின் ஆவியும் நெய்யும் தாளில் இறங்கி, மேலிருந்த இரண்டு பொட்டலங்கள் களிமண் போல் ஒட்டிக்கிடந்தன. என் அம்மாவுக்காக வாங்கியவை அவை. அன்றிலிருந்து மக்ரூனுக்கு ஒரு பை, அல்வாவுக்கு வேறு பை என்று பிரித்துவிட்டேன். கடையில் கட்டிக் கொடுத்த சூடான பொட்டலத்தை அறைக்குச் சென்றதும் பிரித்து, மெல்லிய துண்டால் மூடி, முழுமையாக ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் டப்பாவில் அடைக்கிறேன். ஆறிய அல்வாவை வெளியில் வைத்தாலே ஒரு வாரத்துக்குமேல் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெய் உறைந்து வெண்மையாகப் படிந்துவிடும் என்பதால் நான் அங்கே வைப்பதில்லை.

மூன்றாம் நாள்: கோவில்பட்டி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்

இந்த நாளில் ஊர்கள் மூன்று. காலையில் சீக்கிரமே கிளம்பிவிட வேண்டும். மதுரை செல்லும் பேருந்தில் ஏறினால் முதலில் கோவில்பட்டி வரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைத்து, வெல்லப்பாகில் கலந்து, தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, சூடு இருக்கும்போதே வெட்டுகிறார்கள். மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியதும் உண்டு. ஒரு துண்டை இரண்டு விரல்களால் உடைத்துப் பாருங்கள். வளையாமல் பட்டென்று உடைந்தால் பாகு சரியான பதத்தில் இறக்கப்பட்டிருக்கிறது. இது நன்றாகத் தாங்கும், எடுத்துச் செல்ல எந்தச் சிரமமும் தராது. எனவே அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்க வேண்டியவற்றை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சாத்தூர். இங்கே இனிப்புக்கு ஓய்வு. காராச்சேவுக்குப் பெயர் போன ஊர் இது. கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சப் பயணம் முழுவதும் துணைக்கு வரும். சாத்தூரில் இறங்கிச் சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து பிடிக்கலாம். மதிய உணவை இந்த வழியில் எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள்; தயிர்ச்சாதம் போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூரை மாலை நான்கு மணிக்குள் அடைந்துவிட்டால் அவசரமில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கலாம். பேருந்திலிருந்தே ராஜகோபுரம் தெரியும். 192 அடி உயரமுள்ள அந்தக் கோபுரம்தான் தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது என்று சொல்லப்படுகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும் மணத்தோடு அதை அண்ணாந்து பார்ப்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் பால்கோவாக் கடைகள் இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்தில் பாலும் சீனியும் தவிர வேறொன்றும் இல்லை. அகன்ற இரும்புச் சட்டியில் பாலை ஊற்றி, விறகுத் தீயில் வைத்து, அடிப்பிடிக்காமல் நீண்ட துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கை நின்றால் பால் தீயும். தீ கூடினால் நிறம் மாறும். பால் திரண்டு, மணல் மணலாகி, ஓரங்களில் அதன் நெய்யே கசிந்து மினுங்கும்போது இறக்குகிறார்கள்.

நல்ல பால்கோவாவை அடையாளம் காண்பது எளிது. விரலில் எடுத்து நசுக்கினால் சிறு மணல் போல் உணர வேண்டும். வழவழவென்று இருந்தால் மாவு கலந்திருக்கலாம். நிறம் இளஞ்சந்தனமாக இருக்க வேண்டும். மணத்தில் பாலும் லேசான புகையும் சேர்ந்து வர வேண்டும். அன்று காய்ச்சியதா என்று தயங்காமல் கேளுங்கள். கடைக்காரர், “மதியம் எறக்குனதுதான் சார், தொட்டுப் பாருங்க, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு” என்று சொல்லித் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினால், அந்தத் தட்டிலிருந்தே நூறு கிராம் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். அப்படி ஒரு மாலையில் சாப்பிட்ட பால்கோவாவின் வெதுவெதுப்பு இன்றுவரை என் நாவில் இருக்கிறது.

வீட்டுக்கு அரை கிலோவுக்குமேல் வாங்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. இரண்டு நாட்களுக்குள் சாப்பிட்டால் அதன் முழுச் சுவையும் கிடைக்கும். அதன்பின் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனால் கெட்டுப்போகாமல் இருக்குமே தவிர, மென்மை குன்றிவிடும். வாங்கியதை ஆறவைத்து, ரயிலுக்குக் கிளம்பும் முன் மூன்றாவது எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். இரவில் பொதிகையில் ஏறினால் மறுநாள் காலை அது சென்னையில் இருக்கும். அந்தக் காலை உணவோடு வீட்டில் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டுவிடுவார்கள்.

ரயிலிலும் வீட்டிலும்

மூன்று நாட்களும் இனிப்பை அளவோடு சாப்பிட ஒரு வழி உண்டு. ஓர் ஊரில் ஒரு பண்டம், ஒவ்வொரு முறையும் நூறு கிராமுக்குள், அதையும் உடன் வருபவரோடு பகிர்ந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் தங்கள் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. என் அப்பா ஒவ்வோர் ஊரிலும் என் பங்கிலிருந்து ஒரே ஒரு வாய் மட்டும் சாப்பிட்டு, நான்கு ஊர்களையும் நிறைவாகச் சுற்றி வந்திருக்கிறார். தண்ணீரை நிறையக் குடியுங்கள். இனிப்புச் சாப்பிட்ட உடனே பேருந்து ஏறாமல் அரை மணி நேரம் நடப்பதும் உதவும்.

ரயிலில் மக்ரூன் டப்பாவை இருக்கைக்குக் கீழே தள்ளாமல், தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி பெட்டியிலும் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். குளிர்ந்த டப்பாவைக் காலையில் வெளிக்காற்றில் திறந்தால் உள்ளே ஈரம் படியும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து, டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறப்பது பாதுகாப்பானது.

இவ்வளவு கவனமாக இருந்தும் மழைநாளில் மக்ரூன் பிசுபிசுத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். வீட்டில் ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, தாள் விரித்த தட்டில் மக்ரூன்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் மென்மையாகத்தான் இருக்கும். ஆறும்போது ஓடு மீண்டும் இறுகும். மைக்ரோவேவ் வேண்டாம், சீனி உருகி அடங்கிவிடும். நன்றாக ஆறிய பிறகு ஒன்றை எடுத்து உச்சியைக் கடித்துப் பாருங்கள். அந்த மெல்லிய ஓசை திரும்பக் கேட்டால் மீதியை உடனே டப்பாவில் அடைத்துவிடலாம்.